மாப்பிள்ளைத் தோழனின் காலுறை

கில்ட்டில் பைகள் கிடையாது.
இடுப்பின் முன்னால் தொங்கும் தோல்பைக்குள்
மோதிரம் இரண்டு, பாதிரியாருக்கு ஓர் உறை,
நாலாக மடித்த என் உரை.
இடது காலுறைக்குள்
கார்ச் சாவி.

மோதிரம் பத்திரமா என்று ஊரே கேட்டது,
எர்லெண்டின் அம்மா மட்டும் ஐந்து முறை.
சாவியை ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை
அவன் தலையில் கரும்பாகை ஊற்றியவன் நான்தான்.
அதுவும் தோழனின் வேலை.
பாகுக்கு மேல் மாவு, மாவுக்கு மேல் கோழி இறகு.
திறந்த லாரியில் அவனைக் கட்டி
தீவை மூன்று சுற்று சுற்றினோம்,
தகரப் பீப்பாயை அடித்துக்கொண்டு பதினோரு பேர்.
வெஸ்ட்ரேயில் மரங்கள் இல்லை, மறைய இடமில்லை.
மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

இரவு என் கொட்டிலில்
வெந்நீர்க் குழாயைப் பிடித்தபடி
அவன் காதுக்குள்ளிருந்து இறகு எடுக்கையில்
கேட்டான்:
"சான்டர், சனிக்கிழமை
பன்னிரண்டு பத்துக் கப்பலில்
காருக்கு முன்பதிவு வேண்டுமா?"

தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்காதவன்போல்
இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
பிறகு, "டேங்கை நிரப்பி வைக்கிறேன்" என்றேன்.
ஏன் என்று அவனைக் கேட்கவில்லை.
தோரா நல்லவள் என்றும் சொல்லவில்லை.
அது அவனுக்குத் தெரியும்,
தெரிந்துதானே கேட்கிறான்.

சனிக்கிழமை. இரண்டு மணிக்குத் திருமணம்.
பன்னிரண்டு ஐந்துக்கு
அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், ஒரு கால் வெறுங்காலாக.
நான் அவன் சட்டைப் பொத்தானைத்
தவறான ஓட்டையில் போட்டு, கழற்றி, மறுபடி போட்டேன்.
கப்பல் ஒருமுறை ஊதியது.
நிமிர்ந்தான்.
என் காலுறையைப் பார்த்தான், சாவி புடைத்திருந்த இடத்தை.
ஜன்னலில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து
எதையோ எதிர்பார்த்துவிட்டுப் போனது.
கப்பல் இன்னொரு முறை ஊதியது, கொஞ்சம் தூரத்திலிருந்து.
"இன்னொரு ஷூ எங்கே?" என்றான்.

கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன்.
அங்கே சற்று அதிக நேரம் இருந்தேன்.

தேவாலயத்தில் அவன் கை நடுங்கவில்லை.
என் கைதான்.
மோதிரம் உருண்டு தோராவின் பாவாடை ஓரம் போய் நின்றது.
எல்லோரும் சிரித்தார்கள்,
ஒரு தோழன் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு
அதுதான் என்பதுபோல்.

மாலையில் மணமகளின் மரக்குவளை வந்தது.
மூன்று கைப்பிடி; சூடான பீர், ரம்,
மிளகு, சர்க்கரை, இன்னும் என்னென்னவோ.
கைமாறிக் கைமாறிச் சுற்றும் அது வற்றக் கூடாது.
அதற்கும் நானே பொறுப்பு.
உரையில் பாகைச் சொன்னேன், மாடுகளைச் சொன்னேன்.
சிறுவயதில் அவன் ஓட்டிப்போய்க்
குட்டைக்குள் விட்ட டிராக்டரைச் சொன்னேன்.
மடிப்பின் நான்காம் பக்கம் வெறுமையாக இருந்தது.
அதை வாசிப்பதுபோல் ஒருகணம் பார்த்துவிட்டு
குவளையை உயர்த்தினேன்.

நடு இரவு கடந்து வெளியே வந்தால்
காற்று கில்ட்டைத் தூக்குகிறது.
மண்டபத்துக்குப் பின்னால் நாற்பது கார்கள்,
எல்லாம் சுவரைப் பார்த்து நிற்கின்றன.
இரண்டு மட்டும்
துறைமுகச் சாலையைப் பார்த்து.
ஒன்று என்னுடையது.

மற்றதன் கதவில் சாய்ந்து
மணமகள் தோழி மெரன்
செருப்பைக் கையில் பிடித்தபடி சிப்ஸ் தின்கிறாள்.
என் காரைப் பார்த்தாள். அது நிற்கும் திசையைப் பார்த்தாள்.
"நிரப்பியிருக்கிறாயா?" என்றாள்.
"விளிம்பு வரை."
"நானும்."

வேறொன்றும் பேசவில்லை.
உள்ளே ஃபிடில் வேகம் பிடித்தது,
தரை அதிர அவர்கள் இருவரும் ஆடுவது கேட்டது.
அவள் சிப்ஸை நீட்டினாள், வினிகர் அதிகம்.
தோராவின் சித்தப்பா தள்ளாடி வந்து
பியரோவால் வரை யாராவது கொண்டுபோய் விடுங்கள் என்றார்.
குனிந்து காலுறைக்குள் கை விட்டேன்.
சாவி கதகதப்பாக இருந்தது.
கெண்டைக்காலில் அதன் பற்கள் பதிந்திருந்தன.